விதைக்கு விட்ட காய்

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை என் அக்கா சட்டைக் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான். ரெடிமேட் கம்பெனியில் கை தைக்க ஒருத்தி, பை தைக்க ஒருத்தி, பட்டன் வைக்க ஒருத்தி. அக்காவின் மிஷினுக்கு இந்தப் பக்கம் வெட்டின துணி வரும், அந்தப் பக்கம் காலர் போகும். முழுச் சட்டை ஒன்றை அவள் தைத்ததே கிடையாது. கம்பெனியில் அவளுக்குக் காலரக்கா என்று பெயர். தெருவில் ஆம்பிளைகள் எதிரே வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள், கழுத்தைத்தான் பார்ப்பாள். "அதனாலதான் உனக்குக் கல்யாணம் ஆகலை" என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள்.

ஆகாததற்குக் காரணம் வேறு. அப்பா போன பிறகு என் கல்யாணம் அவள் தலையில் விழுந்தது, அப்புறம் தம்பியின் படிப்பு. வரன் வந்தபோதெல்லாம் "அவன் படிப்பு முடியட்டும்" என்றாள். அவன் முடித்தான், வேலைக்குப் போனான், பெண்டாட்டியைக் கூட்டிவந்தான். சாப்பிட்ட தட்டை ஒரு நாளும் நகர்த்தி வைக்காததால் வீட்டில் அவனுக்குத் துரை என்று பெயர். இதற்குள் எங்கள் அத்தை ஒருத்தி கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு முத்திட்டா, இனிமே யாரு கட்டிப்பா" என்று சத்தமாகவே சொன்னாள். அக்கா அவளுக்குக் காபி கலந்து கொடுத்தாள். அந்த அத்தை செத்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அக்கா தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவளுக்கென்று அங்கே ஒரு கட்டிலும் மொட்டை மாடியும்தான். மாடியில் இரும்புக் குழாய்களை நட்டு, பச்சை வலையும் பாலித்தீனும் போர்த்தி, ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்துக்குச் செடிக் கொட்டகை ஒன்று போட்டிருந்தாள். உள்ளே குழித்தட்டுகளில் விதை போடுவாள். நாற்று நாலு இலை விட்டதும் பழைய பெயின்ட் வாளிகளுக்கு மாற்றுவாள். எடுத்தவுடனே வெயிலில் வைக்க மாட்டாள். முதலில் கொஞ்ச நேரம், மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம் என்று பழக்குவாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவள்கூட அவ்வளவு யோசிக்க மாட்டாள்.

தக்காளி, மிளகாய், கீரை எல்லாம் இருந்தாலும் அவள் உயிர் கத்திரிக்காயில்தான். ஊதாவில் வெள்ளைக் கோடு போட்ட காய், குட்டைச் செடி. வாளிக்குள் அடங்குகிற மாதிரி ஒவ்வொரு வருஷமும் பார்த்துப் பார்த்து விதை எடுத்து அவளே ஆக்கிக்கொண்ட வகை அது. விதைக்கென்று ஒரு நல்ல செடியைத் தேர்ந்தெடுப்பாள். பூ மலர்வதற்கு முன்னாலேயே சின்னத் துணிப் பை ஒன்றை மாட்டிக் கட்டிவிடுவாள், வேறு செடியின் மகரந்தம் சேர்ந்துவிடக் கூடாதென்று. காலருக்குள் வைக்கிற மெல்லிய துணியின் துண்டுகளில் அவளே தைத்த பைகள். அந்தக் காயைப் பறிக்க மாட்டாள். முற்றி, பளபளப்பு போய், மஞ்சளாகி, தொட்டால் மெத்தென்று ஆகிறவரை விடுவாள். அப்புறம் பிசைந்து தண்ணீரில் அலசினால் நல்ல விதை அடியில் தங்கும். "விதையிலேருந்து விதை வரைக்கும் இது ஒண்ணுதான்டி நான் முழுசா செஞ்சது" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். மிச்ச விதையைக் கம்பெனிச் சிநேகிதிகளுக்குக் கொடுத்துவிடுவாள். பழசைச் சேர்த்து வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. எதிலும் இல்லை.

போன வருஷம் கண்ணில் புரை என்று ஆபரேஷன் ஆனது. தூசி ஆகாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் என் ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்தேன். கிளம்பும்போது தம்பி பெண்டாட்டியை மாடிக்கு அழைத்துப்போய், "தண்ணி மட்டும் ஊத்து. பை கட்டினதை மட்டும் பறிச்சு சமைச்சுடாதே" என்று சொன்னாள். என் வீட்டில் இருந்த நாளெல்லாம் கண்ணுக்கு மருந்து விடும்போதுகூட அந்தக் காயைப் பற்றித்தான் பேச்சு. "இப்ப மஞ்சளாயிருக்கும்டி" என்பாள்.

திரும்பக் கொண்டுபோய் விட்டபோது மாடியில் கொட்டகை இல்லை. செங்கல் அடுக்கியிருந்தது. தம்பி மகனுக்கு ரூம் கட்டுகிறார்களாம். துரை கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தான்.

"உன்கிட்ட சொன்னா கண்ணு நோவோட வருத்தப்படுவேன்னுதான்க்கா சொல்லலை. எல்லா வாளியும் கீழ சந்துல பத்திரமா இருக்கு. மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன, செடிதானே."

வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து அது. வெயில் எட்டிப் பார்த்தால் உண்டு. வாளிகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"பை கட்டியிருந்த செடி எங்க?"

"அது காய்ஞ்சு போச்சு அண்ணி, பிடுங்கிட்டேன்" என்றாள் தம்பி பெண்டாட்டி. "காயெல்லாம் மஞ்சளாகி அழுகிக் கிடந்துச்சு. நீங்க சமைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க, நான் தொடக்கூட இல்லை. அப்படியே குப்பை வண்டியில போட்டேன். அந்தப் பையெல்லாம் கறையா இருந்துச்சு, துவைச்சு வெச்சிருக்கேன்."

உள்ளே போய் எடுத்தும் வந்தாள். இஸ்திரி போட்டு மடித்திருந்தாள். அவள் கெட்டவளாக இருந்தாலாவது வாயாரத் திட்டியிருப்பேன். சொன்னதைச் சொன்னபடி செய்தவளை என்னவென்று திட்டுவது? "அது அழுகல் இல்லைம்மா, விதைக்கு விட்டது" என்று நான் ஆரம்பித்ததும் அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள். "நல்லா துவைச்சிருக்கே" என்று சொல்லிப் பைகளை வாங்கிக்கொண்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. கம்பெனிச் சிநேகிதிகள் ஒருத்தி விடாமல் போன் போட்டேன். விதை வாங்கிப் போனவர்கள் எல்லாருமே காயை வாய் நிறையப் புகழ்ந்தார்கள். காய்த்தது, சாப்பிட்டோம், செடி ஓய்ந்ததும் பிடுங்கிவிட்டோம் என்றார்கள். ஒருத்திகூட ஒரு காயை முற்ற விடவில்லை. "நல்ல காயை வீணாக்க மனசு வருமா" என்று என்னிடமே கேட்டாள் ஒருத்தி. போனை வைத்துவிட்டேன்.

சந்தில் இருந்த கத்திரிச் செடிகள் வெளுத்து, வெயிலைத் தேடி நெட்டையாக வளர்ந்தன. வைத்த பூவெல்லாம் உதிர்ந்தது. அக்கா தினமும் வாளிகளை வெயில் விழுகிற மூலைக்கு நகர்த்துவாள். குனியாதே என்றால் கேட்க மாட்டாள். வண்டி நிறுத்த இடைஞ்சல் என்று துரை மறுபடி உள்ளே தள்ளுவான். கடைசியில் ஒரே ஒரு செடியில் ஒரு மொட்டு தங்கியது. இஸ்திரி போட்ட பை ஒன்றை அதற்கு மாட்டிவிட்டு எனக்குப் போன் செய்தாள். "ஒரு காய் போதும்டி, எத்தனை வாளிக்கும் விதை வரும்" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை.

மாடி ரூம் முடிந்ததும் சாப்பிட வரச்சொல்லித் துரை கூப்பிட்டான். புது ரூமைச் சுற்றிக் காட்டினான், சுவரைத் தட்டிக் காட்டினான். கொட்டகை நின்ற இடத்தில் தம்பி மகனின் கம்ப்யூட்டர் இருந்தது. கீழே வந்து நேராகச் சமையலறைக்குப் போனேன். அக்கா மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த துணியைப் பார்த்தேன். நாடா வைத்துத் தைத்த சின்னப் பை.

"காய் என்னாச்சுக்கா?"

"பறிச்சுட்டேன். துரைக்குப் பிடிக்குமேன்னு சமைச்சுட்டேன்."

"பைத்தியமா உனக்கு? இருந்தது அது ஒண்ணுதானே."

"பிஞ்சா இருக்கறப்போ பறிச்சாத்தான்டி சாப்பாடு" என்றாள். "முத்தட்டும்னு விட்டா குப்பைன்னு தூக்கிப் போட்டுடறாங்க. அதை இன்னொரு தடவை பார்க்க என்னால ஆகாது."

அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், பாத்திரம் தேய்க்கிற தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு.

கூடத்தில் எல்லாருக்கும் பரிமாறினாள். கத்திரிக்காய் கொஞ்சம்தான் இருந்தது, அதைத் தம்பி தட்டில் வைத்தாள். துரை ஒரு வாய் போட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"என்னக்கா, வெண்ணெயாட்டம் கரையுது. கடையில இப்படி ஒண்ணு கிடைக்காது. அடுத்த வருஷம் நிறையப் போடு."

"போடலாம்டா" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்து அவன் தட்டில் வைத்தாள்.