தோற்கச் சொன்ன மாமா

சின்ன மாமாவுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. இன்னும் வெளியே வராத செல்போன் விளையாட்டுகளை முன்கூட்டியே ஆடிப் பார்த்து, எங்கெங்கே கோளாறு என்று சொல்வதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்தில் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. என் நைனா மட்டும் புரிந்துகொண்டார். அதனாலேயே மாமாவிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்கு முன்பே இறங்கி மாமா காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கூடவே அவர் போனில் ஒரு சீட்டு விளையாட்டும் வந்தது. ராஜா, ராணி சீட்டு அல்ல. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பூதமோ மிருகமோ மந்திரவாதியோ இருக்கும். ஜெயிக்க ஜெயிக்கப் புதுச் சீட்டுகள் கிடைக்கும், சேர்த்து வைத்துக்கொள்ளலாம். சோதனையில் இருந்த விளையாட்டு என்பதால் பாதிச் சீட்டுகளுக்குப் படமே வரைந்திருக்கவில்லை, சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம்தான். காக்கைச் சீட்டை இறக்கினால் அது பறந்து போய்த் திரும்பவே வராது. போனை அணைத்துப் போட வேண்டும். அந்தக் காக்கையைப் பற்றி மாமா கம்பெனிக்கு எழுதிய அன்று, போலீசில் புகார் கொடுத்துவிட்டது போல எனக்குப் பெருமை.

எங்கள் வீட்டில் மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். கட்டுப் போட்ட காலோடு மாமாவால் படியேற முடியாது. ஆகவே நான் மேலே உட்கார்ந்து ஆட, அவர் கீழே வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு கத்துவார். என்ன சீட்டு வந்திருக்கிறது என்று நான் கத்த வேண்டும். எதை இறக்குவது என்று அவர் கத்துவார். சில நாட்களிலேயே நான் கேட்பதை விட்டுவிட்டேன். தங்க முதலை என்று ஒரு சீட்டு எனக்கு விழுந்திருந்தது. அதை இறக்கினால் எதிராளியின் கூட்டத்தில் பாதி காலி.

ஒரே ஒரு தொல்லை. ஆட்டத்தில் ஆள் குறைவு. சாயங்காலமானால் 'புளியங்கா' என்ற பெயரில் யாரோ ஒருவர் எதிராளியாக வந்து சேருவார். மற்ற யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம், புளியங்காவிடம் மட்டும் தோற்க வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. எதிராளியோடு பேச வழியில்லை. 'சாரி', 'தேங்க்யூ', 'சூப்பர்' என்று நாலைந்து வார்த்தைகள் தயாராக இருக்கும், தொட்டால் போய்ச் சேரும். புளியங்கா எதைச் செய்தாலும் நான் 'சூப்பர்' அழுத்த வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, தோற்றால் ஆட்டம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்றார்.

கையில் தங்க முதலையை வைத்துக்கொண்டு தோற்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல், முதலையை இறக்கப் போகிறேன் என்று அறிவித்தேன். கீழேயிருந்து மாமா தெருவுக்கே கேட்கும்படி, "வேணாம் பாப்பா, தோத்துடு, தோத்துடு" என்று கதறினார்.

எங்கள் ஊரில் சீட்டாட்டத்துக்குத் தடை. மறுநாள் காலையில் கிராமத்துப் பெரியவர்கள் இருவர் வாசலில் வந்து நின்றார்கள். வீட்டில் சீட்டு நடக்கிறதாம், அதுவும் சின்னப் பெண்ணை உட்கார வைத்து. உண்மையென்று தெரிந்தால் மாமா ஊரை விட்டுப் போக வேண்டும். ஏரியில் வலை போட நைனாவுக்கு வரும் முறையையும் நிறுத்திவிடுவார்கள். நைனா மாமாவைப் பார்த்த பார்வையில் இன்னொரு காலும் உடைந்திருக்க வேண்டும்.

மாமா போனைக் காட்டி விளக்க விளக்க விஷயம் மோசமாகிக்கொண்டே போனது. சீட்டு உண்டா என்றார்கள், உண்டு. எதிராளி உண்டா, உண்டு. கடைசியில் இருவரில் மூத்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க மாமா கீழ குந்திகினு இன்னா சொல்லுவாரு?"

"தோத்துடு, தோத்துடுன்னு சொல்லுவாரு."

"ஜெயிச்சிடுன்னு சொன்னதே இல்லியா?"

"புளியங்கா வந்தா சொல்லவே மாட்டாரு."

பெரியவர் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூட வந்தவரிடம், "தோக்கறதுக்குன்னு எவன்யா சூதாடுவான்? இது வேற இன்னாவோ" என்றார். விசாரணை அதோடு முடிந்தது. போகும்போது மாமாவின் தோளைத் தட்டி, "பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டார். மாமா குனிந்து மாவுக்கட்டைப் பார்த்தார். நான் இந்த ஊர்தான் என்று பெரியவருக்குத் தெரியாதா என்று எனக்குக் குழப்பம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து ஓர் அக்கா வந்தார், கையில் சாத்துக்குடிப் பையோடு. மாமாவின் ஆபீசாம். கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவர் காலைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தார். அம்மா அவருக்கு நண்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டே, அப்பா என்ன வேலை, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே புகுந்து, அக்காவுக்கு எங்கள் ஆட்டம் தெரியுமா என்றேன். அவர் தன் போனைத் திறந்து காட்டினார். மேலே 'புளியங்கா' என்று இருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. "நான்தான் உங்ககிட்ட தோத்துகினு இருந்தேன்" என்றேன். "என்கிட்ட தங்க முதல கீது. மாமாதான் எறக்க வுடல."

அக்கா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ அந்த சூப்பர் எல்லாம்?"

"அதுவும் நான்தான்."

மாமாவின் முகம் வெளுத்தது. அக்கா சிரிக்க ஆரம்பித்து, புரையேறி, அம்மா அவர் தலையைத் தட்ட வேண்டியதாயிற்று. சிரிப்பு அடங்கியதும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் சோதனை முடிகிறது, அப்போது எல்லோருடைய சீட்டுகளையும் அழித்துவிடுவார்கள், மாமா சொல்லவில்லையா என்று கேட்டார்.

சொல்லவில்லை. நான் மாடிக்கு ஓடிப்போய் அழுதேன். அந்த அக்காவை நான் அத்தை என்று கூப்பிட இன்னும் ஒரு வருடம் இருந்தது. கீழே அம்மா சிரித்தாள், நைனாகூடச் சிரித்தார். எல்லோரையும் விடச் சத்தமாக மாமாவின் சிரிப்புதான் கேட்டது. புளியங்காவோடு ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி, சேர்த்த சீட்டெல்லாம் அடுத்த வாரம் காலி. இந்த மனிதர் எதை ஜெயித்துவிட்டதாக இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.