கூட யாரும் பார்த்தார்களா?

கொட்டாரம் என்கிற ஊரில் ஒரு குளத்தங்கரை. கோரைப்புல்லுக்குள்ளிருந்து குட்டிக்கோழி மாதிரி ஒன்று வெளியே வந்து, நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, மஞ்சள் அலகு, அலகின் அடியில் சிவப்பு. புள்ளிக் கானாங்கோழி! எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததாகப் பதிவே கிடையாது. வரப்பில் நின்று பைத்தியம் மாதிரி குதித்தேன். கட்டிப்பிடிக்க ஆள் இல்லை. பக்கத்தில் மேய்ந்த எருமைகூடக் கண்டுகொள்ளவில்லை.

படிப்பு முடிந்ததிலிருந்து இப்படித்தான். ஞாயிறு ஆராதனைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, பைசா வாங்காமல் பறவைகளைக் கணக்கெடுத்து ஆன்லைன் குழுவுக்கு அனுப்புகிறேன். குழுவில் எல்லாரும் தோஸ்துதான், ஆனால் ஒருத்தர் முகமும் தெரியாது. சென்னை, கோவை, பெங்களூர் என்று இருப்பார்கள். பஸ் பிடித்து வருகிற தூரத்தில் யாரும் கிடையாது.

எடுத்த படத்தைப் போட்டேன். புல் கண்ணாடி மாதிரி தெளிவு. பறவை மட்டும் பழுப்பாக ஒரு இழுப்பு. பதிவுகளைச் சரிபார்க்கிற அண்ணன் உடனே எழுதினார்: "தம்பி, படத்துல புல்லுதான் தெரியுது. நீங்க சொல்ற அடையாளம் எல்லாம் சரியா இருக்கு. கூட யாராச்சும் பாத்தாங்களா?"

அபூர்வப் பறவை, நல்ல படம் இல்லை என்றால் இன்னொரு ஆள் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கமாட்டார்கள். நியாயமான விதிதான். ஆனாலும் அந்தக் கேள்வியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடப் படித்தவன் ஒருத்தன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். போன் போட்டேன்.

"லேய் மக்கா, நாளைக்கு வெளுக்கும்போ கொட்டாரம் வாறியா?"

"எதுக்குலே? கல்யாணமா?"

"ஒரு கோழிய பாக்கணும்."

"கோழிக்கு எதுக்குலே கொட்டாரம்? கடையில சொன்னா வெட்டித் தருவான்."

ஏசிக்கொண்டேதான் வந்தான். பைனாகுலரை அவன் கையில் கொடுத்தேன். வரப்பில் குந்தியிருந்தோம். அவன் போனை எடுப்பதும் பைக்குள் போடுவதுமாக இருந்தான். வெயில் ஏறுகிற நேரத்தில் கோரை அசைந்தது. அதேதான்!

"அங்க! இடதுபக்கம்! பாரு, பாருலே!"

"கண்டாச்சு மக்கா! கொள்ளாம், சூப்பர்!"

பைனாகுலர் வலதுபக்கம் ஒரு வெள்ளைக் கொக்கைப் பார்த்து இருந்தது. கானாங்கோழி உள்ளே போய்விட்டது.

"மூக்கு என்ன நெறம், சொல்லு."

அவன் சிரித்தான். "நீ என்ன நெறம் வேணும்னு சொல்லு, அத நான் சொல்லுகேன். உனக்கு இது கிட்டணும்லா? நான் கண்டேன்னு எழுதிப் போடு. யாரு வந்து கேக்கப் போறா?"

பாசத்தில் சொன்னான், அதுதான் கொடுமை. டீ வாங்கிக் கொடுத்தான், வடசேரி பஸ்ஸில் ஏறினான். "அடுத்த லீவுக்கு வாறேம்லே" என்று ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். அதற்குள் அந்தப் பறவை எங்கே போயிருக்குமோ.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே போனைத் திறந்தேன். கூடப் பார்த்தவர் என்று அவன் பெயரை அடித்தேன். அவன் சொன்னது சரிதான், யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அழித்தேன்.

"இல்லண்ணே. நான் மட்டும்தான்."

"பரவால்ல தம்பி. இப்போதைக்கு உறுதியாகாததுன்னு வைக்கிறேன். தொடர்ந்து பாருங்க."

அதற்கு அடுத்த நிமிடமே யாரோ மயில் படம் ஒன்று போட்டார்கள். ஹார்ட்டாகக் கொட்டியது. நானும் ஒன்று போட்டேன்.