மேல் லயத்துக் கூரை ஒழுக்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் இஸ்தோப்புத் திண்ணையில் கோர்ட்டு கூடும். அப்பா தோட்டத்துத் தச்சர். ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பல்லுக்குப் பல் அரம் போடுவார். அம்மாவின் தம்பியான மாமாவுக்குத் தகர வேலை. லயங்களின் கூரையும் மழைத்தண்ணீர்ப் பீலியும் அவர் பொறுப்பு. பூண்டுலோயா கடைவீதியிலிருந்து கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ் நடந்தே வந்துவிடுவார். சிங்களவரான அவர் எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், அதிலும் திட்டும்போது. மூவரும் அந்த வாரம் வேலையில் செய்த கோளாறுகளைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் கோளாறைச் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

மழையில் ஊதிப்போயிருந்த துரை பங்களாக் கதவை அப்பா இழைத்து இழைத்துச் சரிசெய்துவிட்டு வந்திருந்தார். வெயில் வந்ததும் கதவு சுருங்கி, துரையின் நாய் அதன் அடியில் புகுந்து போய்வரத் தொடங்கியதாம். மேசன் பாஸ் கிளாக்கர் வீட்டுப் புகைபோக்கிக்குள் சாந்து விழாமலிருக்கச் சாக்கைத் திணித்தவர், எடுக்க மறந்துவிட்டார். கிளாக்கர் குடும்பம் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடி வந்ததை அவர் நடித்துக் காட்டியபோது அப்பாவால் அரத்தைப் பிடிக்க முடியவில்லை.

மாமாவின் கோளாறு மட்டும் வாராவாரம் ஒன்றேதான். மேல் லயத்துக் கோடி வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அடைத்தும் ஒழுகுகிறது.

அந்த வீட்டில் தனியாக இருந்தவள், பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. கல்யாணமான புதிதிலேயே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். மாமாவுக்கு அவள்மேல் உயிர். ஆனால் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கப் பயம். அவள் மாட்டேனென்று சொல்லிவிட்டால் அந்த லயத்துப் பக்கமே தலைகாட்ட முடியாதே. அதனால் ஓர் ஓட்டையை அடைத்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு ஒன்றை மிச்சம் வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். இது இஸ்தோப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் வகுப்புப் படித்த எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

“ஏன் மாப்ள, இன்னுமா நிக்கல?” என்பார் அப்பா.

“தகரம் பழசு மச்சான்” என்பார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு. மேசன் பாஸ் விழுந்து விழுந்து சிரிப்பார்.

எனக்கோ மானம் போனது. தகர வேலையில் என் மாமாவை அடிக்க ஆளே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் அளந்து வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் மாமாவின் தார் டின்னை அடுப்போரம் வைத்து இளக்கி எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்குப் போனேன். மலையை வெட்டிக் கட்டிய லயம் என்பதால் பின்பக்கத்து மண்மேடு கூரை விளிம்புக்குச் சரியாக இருக்கும். மேட்டில் நின்றபடியே கண்ணில் பட்ட ஓட்டையெல்லாம் அடைத்தேன். ஓட்டை இல்லாத இடத்திலும் கொஞ்சம் பூசினேன்.

அடுத்த ஞாயிறு, கூரை ஒழுக்கு நின்றுவிட்டது என்று மாமா சொன்னார். துக்கம் சொல்ல வந்தவர் குரல் மாதிரி இருந்தது. நான் எழுந்து நின்று, “நாந்தான் மாமா அடச்சேன்” என்றேன். மேசன் பாஸுக்குத் தேத்தண்ணி புரையேறியது. என் கவுனெல்லாம் தார் ஆனது எப்படி என்று விளங்கியதும் அம்மா என் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். மாமா மட்டும் என் தலையைத் தடவி, “நல்லாத்தான் அடச்சிருக்க” என்றார். பாவம், எப்படித் தவித்திருப்பார்!

இரண்டு மூன்று நாள் கழித்து, பிள்ளைக் காம்பராவில் தம்பியை விடப் போனபோது ஆயா கேட்டாள். “ஒங்க மாமாவக் காணோமே பாப்பா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“கூரதான் ஒழுகலையே, அப்பறம் எதுக்கு வருவாங்க? நாந்தான் தார் பூசினேன்” என்றேன் பெருமையாக.

அவள் அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சனிக்கிழமை, தொட்டில் சீலையை இறுக்கிக் கட்டியபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“மாமாகிட்ட சொல்லு. மறுபடியும் ஒழுகுது.”

என் வேலையைக் குற்றம் சொல்வதா? ரோஷத்தோடு மண்மேட்டுக்கு ஓடினேன். என் தார் பூசின மாதிரியே கெட்டியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஓட்டை.

மறுநாள் கோர்ட்டில் நானே வழக்கை எடுத்தேன். “ஆயா வீட்டுல மறுபடியும் ஒழுகுதாம். என் வேலையில ஒரு கொறையும் இல்ல. பக்கத்துல புது ஓட்ட, அதோட விளிம்பு மேல பாத்து நிக்குது. யாரோ வீட்டுக்குள்ள இருந்து ஆணி வச்சு அடிச்சிருக்காங்க.”

அப்பா அரத்தைக் கீழே வைத்தார். மேசன் பாஸ் சிரிக்கவில்லை. மாமா என் முன்னால் குந்தி, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மேல பாத்தா? நல்லாப் பாத்தியாம்மா?”

“தொட்டுப் பாத்தேன் மாமா. வெரலக் கிழிச்சிருச்சு.”

கீறலைக் காட்டினேன். மாமா அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுப்படியிலிருந்து வந்த அம்மா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, “நான் போயி பேசிட்டு வர்றேன்” என்றாள்.

அப்பாடா, இனி ஆயாவுக்கு நல்ல டோஸ் கிடைக்கும், தோட்டத்துத் தகரத்தை ஓட்டை போடுவது என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டு நானும் கூடக் கிளம்பினேன். அம்மா தலை சீவி, தீபாவளிச் சீலையைக் கட்டினாள். தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்து வைத்தாள். கூரையைப் பழுதுபார்த்த எனக்குக் குட்டு, ஓட்டை போட்டவளுக்கு வாழைப்பழமா என்று மேல் லயம் போய்ச் சேரும்வரை வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன்.