வாசலில் பேசும் வாடகை

2006-ஆம் வருடம், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில், காலை ஒன்பதே முக்காலுக்குச் செய்தி வந்தது. புதுச்சேரி பட விநியோகஸ்தர் தேவநாதன் இறந்துவிட்டார். விருத்தாசலத்தில் தியேட்டர் மேனேஜர் பழமலைநாதன் போனை வைத்துவிட்டு டிக்கெட் கவுண்டரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இருபத்திரண்டு வருடமாக இருவருக்கும் நடுவில் எழுத்து என்று எதுவும் கிடையாது. பழமலைநாதன் புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போவார். தேவநாதன் வீட்டில் சாப்பாடு. ஊர்க்கதையெல்லாம் ஓடும், பட வாடகை மட்டும் வராது. கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டு “போயிட்டு வரேங்க” என்ற பிறகுதான் அது வாசலில் வரும்.

“என்ன நாதா, இந்தத் தடவ என் தலையில எவ்ளோ மண்ணு?”

“விருத்தாசலம் பீங்கான் ஜாடி செய்யிற ஊருங்க. மண்ணுக்கா பஞ்சம்?”

தேவநாதன் சிரித்துவிடுவார். முன்பணம் வேண்டாம், வசூலில் பங்கு போதும் என்பார்.

தீபாவளிப் படம் கிடைக்காவிட்டால் தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்கிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். போன மாதம் அதைக் கேட்ட தேவநாதன், “படம் ஒனக்குத்தான். வாடகைய அடுத்த தடவ வாசல்ல பேசிக்கலாம்” என்றார். அவர் மனைவி அம்சவல்லி, “ஊறுகா ஜாடி மூடி ஒடஞ்சி போச்சிங்க, ஒங்க ஊர்ல கெடைக்குமா?” என்று கேட்டார். ஜாடியின் வாயை நூலால் அளந்துகொண்டு வந்தார் பழமலைநாதன்.

அடுத்த தடவை சாவுக்குத்தான் போனார். மகன் பிரபாகரன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த நேரத்தில் படத்தைக் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பான். ஆனால் சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று பிரபாகரனே ஆரம்பித்தான்.

“நீங்க ஒண்ணுமே கேக்கலியேண்ணே. வேணாம் போலன்னு நெனச்சிட்டேன். ஒங்க ஊர்லயே இன்னொரு தியேட்டர்காரங்க போன்லயே முன்பணம் பேசி முடிச்சிட்டாங்க. அப்பா எதையும் எழுதி வைக்கலிங்க.”

“எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லப்பா.”

அன்றும் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்பினார்.

தை மாதம் தியேட்டர் நாற்காலிகளை லாரியில் ஏற்றினார்கள். ஜாடியை அளந்த நூல் அவர் பர்ஸுக்குள் மடங்கிக் கிடந்தது. மூடி வாங்கவில்லை.