கோதண்டத்துக்கு விழுந்த தாயம்

என் மகளைத் தூக்க வேண்டுமென்றால் நான் கை கால் கழுவி, சட்டை மாற்றி, வரிசையில் காத்திருக்க வேண்டும். வரதராஜன்பேட்டையில் இருக்கும் என் மாமனார் வீட்டில், பக்கத்து வீட்டார், எதிர்வீட்டார், பூசைக்குப் போகிற வழியில் எட்டிப்பார்ப்பவர் எல்லோரும் தூக்கி முடித்த பிறகுதான் அப்பன் முறை. நான் வேலை பார்க்கும் ஜெர்மனியில், ப்ரேமன் நகரில், அடுத்தவர் குழந்தையைத் தொடுவதற்கு முன் இரண்டு தடவை அனுமதி கேட்பார்கள். அப்பாவும் பிள்ளை வளர்க்கட்டும் என்று அந்த ஊர் அலுவலகம் எனக்கு ‘எல்டர்ன்சைட்’ என்ற விடுப்பை இரண்டு மாதம் தந்திருக்கிறது. அதை நான் ஹாலில் காபி குடித்துக் கழித்துக்கொண்டிருந்தேன்.

குரும்பலூர்க்காரனான எனக்கு ப்ரேமனில் முதல் இரண்டு குளிர்காலமும் பேச ஆளில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது புரியும். அப்போதுதான் உடன் வேலை செய்யும் மோரிட்ஸ் தன் வீட்டு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனை மனிதராக மாறிக் கதை பேச வேண்டும். மோரிட்ஸ் கதையை நடத்துவார். ஆபத்து வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் தப்பிக்கலாம், ஒன்று விழுந்தால் ஆள் காலி. நான் கோதண்டம் என்ற பூட்டுத் திறக்கும் திருடனானேன். ஒரு காலைத் தாங்கி நடப்பான், வாய் மட்டும் நீளம். ஆபீஸில் இலக்கணப் பிழைக்குப் பயந்து வாய் திறக்காத நான், ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வாயால் ராட்சசர்களிடம் ஜெர்மன் மொழியில் பேரம் பேசினேன். நாலு வருடப் பழக்கம். அவன்மேல் எனக்குப் பாசம் உண்டு, சொல்ல வெட்கமில்லை.

மனைவி ஜெனிட்டா ஏழாம் மாதத்தில் தாய்வீடு போகிறாள் என்று சொன்னபோது மோரிட்ஸ் என் தோளைப் பிடித்தார். “பெரிய சண்டையா?” என்று மெல்லக் கேட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அது எங்கள் வழக்கம் என்று விளக்கினேன். நம்பவில்லை. அடுத்த மூன்று வாரமும் ஆளாளுக்கு எனக்கு சூப் வைத்துக் கொண்டுவந்தார்கள். நான் ஊருக்குக் கிளம்பும்போது மோரிட்ஸ் இன்னொன்றும் சொன்னார். “அப்பாவானவர்கள் யாரும் ஆட்டத்துக்குத் திரும்பி வந்ததில்லை. கோதண்டம் உயிரோடு இருக்கும்வரை உன் இடம் உனக்கு. அவன் செத்தால், காத்திருக்கும் ஆளுக்குக் கொடுத்துவிடுவோம்.” மோரிட்ஸ் சொன்னால் சொன்னதுதான். அந்த இடம் போனால் நான் மறுபடி ஊமை.

போன ஞாயிறு, அங்கே காலை பதினொன்று, இங்கே மத்தியானம் இரண்டரை. கறிச்சோறு சாப்பிட்டுத் தெருவே கண்ணயர்ந்திருந்தது. நான் லேப்டாப்பில் மோரிட்ஸ் வீட்டை வீடியோவில் அழைத்து, பகடையோடு உட்கார்ந்தேன். கோதண்டம் இடிந்து விழுகிற பாலத்தின் நடுவில் நின்றான். அந்த நேரம் பார்த்து அத்தை வந்தார்.

“மாப்ள, செத்த புடிச்சிக்குங்க, ஜெனி குளிக்கப் போயிருக்கா.”

வரிசையில் நிற்காமலே மகள் கைக்கு வந்துவிட்டாள். நெஞ்சில் கன்னத்தை வைத்து இரண்டு தடவை சிணுங்கி, தூங்கிப்போனாள். பிறந்த பதினெட்டு நாளில் என்மேல் அவள் தூங்குவது அதுதான் முதல் தடவை. நான் மூச்சுவிடவே யோசித்தேன்.

“உருட்டு,” என்றார் மோரிட்ஸ்.

ஒரு கை தலைக்கு, ஒரு கை முதுகுக்கு. மூன்றாவது கைக்கு எங்கே போவது? மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். சிமெண்ட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், தாயம் ஆட உட்கார்ந்தால் சாப்பாட்டை மறப்பவர்.

“உருட்டணுங்களா மாப்ள? நான் உருட்டுறேன். இம்புட்டு மொகம் இருந்தா தாயம் எப்ப விழுவும்?”

நான் சரியென்று தலையாட்டுவதற்குள், உள்ளங்கைகளுக்கு நடுவே பகடையைத் தேய்த்து உருட்டிவிட்டார். அது தண்ணீர்ச் சொம்பில் மோதி நின்றது. ஒன்று.

“தாயம்,” என்றார் மாமா, பெருமையை அடக்க முடியாமல்.

அடுப்படியிலிருந்து அத்தை வந்தார். “மொத உருட்டுலயேவா? எல்லாம் புள்ள வந்த நேரம்.”

நம் ஊர்த் தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காயே இறங்கும். என் காயை இறக்கிவிட்ட சந்தோஷத்தில் மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். திரையில் நாலு பேரும் தலையில் கை வைத்திருந்தார்கள்.

மோரிட்ஸ் மனம் இளகி, “உருட்டியது நீ இல்லையே, அதைச் செல்லாது என்று வைத்துக்கொள்வோம். குழந்தையைக் கிடத்திவிட்டு நீயே உருட்டு,” என்றார்.

தொட்டில் மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. கோதண்டம் பிழைத்துக்கொள்வான், என் இடமும் பிழைக்கும். ஆனால் மகளின் மூச்சு என் சட்டையில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. மாமாவின் தாயத்தைச் செல்லாது என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

“எஸ் கில்ட்,” என்றேன். செல்லும் என்று அர்த்தம்.

“என்ன சொல்றாங்க மாப்ள?” என்றார் மாமா.

“நல்ல கைன்னு சொல்றாங்க மாமா.”

அத்தை என் வாயில் ஒரு சிட்டிகை சர்க்கரையைப் போட்டார். ப்ரேமனில் நாலு பேரும் எழுந்து நின்றார்கள். மோரிட்ஸ் கோதண்டத்தின் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லி, ஒரு நிமிட மௌனம் என்றார். நானும் எழுந்து நின்றிருக்க வேண்டும். மகள் தூங்கிக்கொண்டிருந்ததால், வாயில் சர்க்கரை கரையக் கரைய, உட்கார்ந்தபடியே தலை மட்டும் குனிந்தேன். மூக்கு அவள் உச்சந்தலையில் பட்டது.