மொட்டை மாடி வாளி

அந்தக் கட்டடத்தில் அவருக்கு ‘உரக்காரர்’ என்றே பெயர். ஓய்வுபெற்ற தபால்காரர். எட்டு வீட்டுக் காய்கறித் தோலையும் மொட்டை மாடி வாளியில் போட்டு உரமாக்கித் தருவதாக வாய் கிழியப் பேசியவர். வாளியோ முதல் மாதமே கூழாகி, மூக்கைத் துளைத்தது. முடியவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தினமும் விடியுமுன் தோல்களைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொட்டினார், கடை உரத்தைப் பழைய பையில் மாற்றி, "நம்ம வீட்டு உரம்!" என்று எல்லோருக்கும் பங்கு போட்டார்.

ஒரு ஞாயிறு காலை எல்லோரும் மாடியில் கூடியிருந்தபோது, தெருப் பெருக்கும் அம்மா மூட்டையோடு படியேறி வந்தார். உரக்காரர் தன் உரப் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"சார் எங்கிட்ட குடுத்து வச்ச உரம்" என்று மூட்டையை இறக்கினார். கறுப்பாக, உதிரியாக, மழை மண் வாசனையோடு இருந்தது.

திரும்பிப் போகையில், படிவரை கூடவே வந்த உரக்காரரிடம் அந்த அம்மா தணிந்த குரலில் சொன்னார்: "நீங்க தொட்டியில கொட்டுனதுதான் சார். வீணாப் போக மனசு கேக்கல. நான் கூட்டுற காஞ்ச எலையைக் கலந்தேன், அவ்வளவுதான்."

"அண்ணா, இந்தத் தடவை பிரமாதம்! எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டாள் மாடியிலிருந்து எதிர்வீட்டு டீச்சர்.

உரக்காரர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாதான் படியில் நின்றபடி பதில் சொன்னார்:

"சாருக்குப் பொறுமை ஜாஸ்திம்மா."