காக்கை வராத அமாவாசை

எழுபதுகளின் நடுவில், அபுதாபியிலிருந்து வெகுதூரம் உள்ளே, மணலுக்குள் போட்ட ஒரு கம்பிவேலிதான் என் டூட்டி. ஜீப்பில் துரத்தித் துரத்திச் சுட்டதுபோக மிஞ்சிய பாலைவன மான்களைப் பிடித்து, பெரிய இடத்து அரபி ஒருவர் அங்கே விட்டிருந்தார். நான் ஸ்டோர் கீப்பர். தண்ணீர்ப் பம்பைப் பார்த்துக்கொண்ட திருநெல்வேலிக்காரர் என் ரூமில் இருந்தார், சமையலும் அவரே. கேட்டில் ஒரு பலூச்சிக் காவலாளி. அவ்வளவுதான் ஊர்.

அங்கே காற்று உண்டு, பல்லி உண்டு, வெயிலுக்கு மேல் வெயில் உண்டு. காக்கை கிடையாது. அது துறைமுகத்தோடு நின்றுவிட்டது. பம்ப்காரருக்கோ அமாவாசைதோறும், காலமான அப்பாவுக்காகக் காக்கைக்குச் சோறு வைத்தாக வேண்டும். அது எடுக்காமல் சாப்பிடமாட்டார். சமைத்தவர் பட்டினி கிடக்க நான் எப்படித் தின்பது? வேலியோரம் அலுமினிய மூடியில் பருப்புச் சோறு காயும். உள்ளே நாங்கள் காய்வோம்.

"குருவி கொத்துனா ஆகாதாய்யா?"

"காக்கான்னா காக்காதான், அண்ணாச்சி."

ஓர் அமாவாசை சாயங்காலம் மூடி காலியாகக் கிடந்தது. சுற்றிலும் நரியின் காலடி. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பா வந்துட்டுப் போயிருக்காவ."

"அது நரிய்யா."

"அவுகளுக்கு எது தோதோ அதுல வாராவ. ஒமக்கென்ன?"

அதன்பிறகு அமாவாசை என்ற கணக்கே போயிற்று. தினம் சோறு. தினம் நரி. வேலிக்குள் அப்போது ஒரு மான் ஈன்றிருந்தது. அங்கேயே பிறந்த முதல் குட்டி; நிற்கப் பழகி ஒரு வாரம் ஆகவில்லை. பலூச்சி காலையில் சலாம் சொல்வதற்கு முன் அதைத்தான் விசாரிப்பார். நரியைக் கூப்பிட்டுப் பந்தி வைக்காதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"வயிறு நெறஞ்ச நரி எதுக்கு மானைத் தொடப்போவுது? யோசிச்சுப் பாரும்."

யோசித்தேன். நியாயமாகவே பட்டது. அதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் நாள் விடிந்தபோது மூடிக்கு நேர் பின்னால், கம்பிக்கு அடியில் ஒரு பள்ளம். குட்டி இல்லை. சோற்றையும் மிச்சம் வைக்கவில்லை, அந்த நரி. தாய்மான் பள்ளத்தருகே வந்து முகர்வதும் விலகுவதுமாக இருந்தது.

"கைசே ஹுவா, பாய்?" எப்படி நடந்தது என்று பலூச்சி என்னைத்தான் கேட்டார். காற்று மணலை அரித்துவிட்டது என்றேன். அந்தப் பொய்க்கு என் வாய் எப்படித் தயாராக இருந்ததோ. அவர் மூடியைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். "கலாஸ்", முடிந்தது என்று முனகிவிட்டு மண்வெட்டி எடுக்கப் போனார்.

பம்ப்காரர் அன்று மூடியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மனம் திருந்திவிட்டதாக நினைத்தேன். சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, வார அமாவாசைக்கு அந்தக் குட்டிக்கும் சேத்து ஒரு உருண்டை வைக்கணும்லா?"

எழுந்து போய், அரிசி டின்னை ஸ்டோருக்குள் தள்ளிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.